குழந்தைக்கு மூளை அழுத்தம் ஏறினால் முதல் ஒரு மணி நேரம்: 3% சலைனா, மானிட்டாலா?

தாலுகா_டூட்டி
எமர்ஜென்சி சுவரில் ஒட்ட ஒரு பக்க நெறிமுறை எழுதுகிறோம். சிடி கிடையாது, குழந்தைகள் ஐசியு கிடையாது, மெடிக்கல் காலேஜ் போய்ச் சேர 2 மணி நேரம். கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம்: 4 வயது, 16 கிலோ, 3 நாள் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, ஜிசிஎஸ் (நினைவின் அளவு, முழுமையாக இருந்தால் 15) 9, வெளிச்சம் அடித்தால் ஒரு பக்க பியூப்பில் (கண்மணி) மெதுவாகச் சுருங்குகிறது. மூளையிலிருந்து நீரை இழுக்கும் 3% சலைன் (அடர் உப்புநீர்), 20% மானிட்டால் இரண்டும் கையில் உண்டு. எது, எவ்வளவு, எவ்வளவு நேரத்தில்? எல்பி (முதுகுத்தண்டில் ஊசி போட்டு நீர் எடுப்பது) எடுத்துவிட்டே அனுப்பலாமா?

பீடியா_ஐசியு
டாக்டர், பாட்டிலுக்கு முன்னால் பிபியை எழுதுங்கள். சராசரி பிபியிலிருந்து மண்டைக்குள் உள்ள அழுத்தத்தைக் கழித்தால் மிஞ்சுவதுதான் மூளைக்கு ரத்தம் போகும் விசை. 4 வயதில் சராசரி பிபியின் கீழ் எல்லை சுமார் 46 (40 + வயது × 1.5). உள்ளே 20 இருந்தால் மிச்சம் 26. குறைந்தது 40 வேண்டும். மற்ற நோயாளிக்கு 'பிபி ஓகே' என்று விடும் எண், இந்தக் குழந்தைக்கு ஓகே இல்லை. சராசரி 60-க்குக் குறையாமல், சிஸ்டாலிக் 100-ஐ ஒட்டி வையுங்கள். இறங்கினால் நார்மல் சலைன் 10 மிலி/கிலோ. ஏறவில்லையென்றால் அட்ரினலின் ட்ரிப்.

வாந்தியும் காய்ச்சலுமாக வற்றிப்போய் வரும் குழந்தைக்கு என் தேர்வு 3% சலைன். 5 மிலி/கிலோ, அதாவது 80 மிலி, 15 நிமிடத்தில். முழங்கை மடிப்பில் நல்ல லைன் இருந்தால் போதும், சென்ட்ரல் லைனுக்காக (இதயத்தருகே உள்ள பெரிய ரத்தக்குழாயில் போடும் லைன்) காத்திருக்க வேண்டாம். மானிட்டால் சிறுநீராக வெளியே இழுத்து பிபியைக் கவிழ்க்கும். பிபி திடமாக இருந்தால் மட்டும் 0.5 கிராம்/கிலோ: 8 கிராம், 20 சதவீதத்தில் 40 மிலி, 20 நிமிடத்தில். சிறுநீர்க் கதீட்டர் போட்டே ஆக வேண்டும்.

சுவரில் எழுதும்போது கவனம்: மானிட்டால் 1 கிராம்/கிலோ போட்டாலும் இந்தக் குழந்தைக்கு 80 மிலிதான் வரும். 'ஆஸ்மோ 80' (நீரை இழுக்கும் மருந்து 80 மிலி) என்று எழுதினால் எந்தப் பாட்டில் ஓடியது என்று யாருக்கும் தெரியாது. மருந்தின் பெயர், சதவீதம், மிலி மூன்றும் வேண்டும்.

எல்பி கண்டிப்பாக இப்போது வேண்டாம். பியூப்பில் மாறுகிற குழந்தைக்கு ஊசி போட்டால் மூளை கீழே இறங்கிவிடும். பிளட் கல்ச்சர் (கிருமியைக் கண்டறியும் ரத்தப் பரிசோதனை) எடுத்துவிட்டு ஆன்டிபயாட்டிக் செஃப்ட்ரியாக்சோன் 100 மிகி/கிலோ உடனே போடுங்கள். எல்பி நாளைக்கும் எடுக்கலாம். இன்னொன்று, சிடி நார்மல் என்பதும் அழுத்தம் இல்லை என்பதற்கு அத்தாட்சி ஆகாது.

ஸ்டாஃப்_நர்ஸ்
தலைமாட்டை 30 டிகிரி உயர்த்துவது எல்லோரும் செய்வதுதான். கழுத்தைத்தான் பார்ப்பதில்லை. தலை ஒருபக்கம் சாய்ந்தாலே கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் வடியாது. மூச்சுக் குழாயில் போட்ட ட்யூபைக் கழுத்தைச் சுற்றித் துணிநாடாவால் கட்டாதீர்கள், கன்னத்தில் பிளாஸ்டர் போதும். இரண்டு பக்கமும் துணியைச் சுருட்டி வைத்து மூக்கும் தொப்புளும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். சக்ஷன் (சளியை உறிஞ்சுவது) 10 விநாடிக்குள்.

மானிட்டால் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பாருங்கள். ஏசி அறையில் அடியில் ஊசி ஊசியாக உறைந்திருக்கும். வெந்நீரில் வைத்துக் குலுக்கிக் கரைத்து, உடல் சூட்டுக்கு ஆறிய பிறகு, ஃபில்டர் உள்ள செட்டில் ஓட்டுங்கள். மெயின்டெனன்ஸுக்கு (தொடர்ந்து ஓடும் அன்றாடத் தேவைத் திரவம்) 5% டெக்ஸ்ட்ரோஸ் மட்டும் தொங்கவிடாதீர்கள், சோடியம் இறங்கி வீக்கம் கூடும். நார்மல் சலைனில் டெக்ஸ்ட்ரோஸ் கலந்ததை முழு அளவில் ஓட்டுங்கள். சர்க்கரையை மணிக்கு ஒருமுறை குத்திப் பார்த்தால் போதும்.

தாலுகா_டூட்டி
நன்றி சார், நன்றி சிஸ்டர். இரண்டு சந்தேகம். 108-ல் போகும்போது ஆம்பு (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) எந்த வேகத்தில்? உச்சிக்குழி மூடாத பச்சிளம் குழந்தைக்கு அழுத்தம் அவ்வளவு ஏறாது என்கிறார்களே?

பீடியா_ஐசியு
ஜிசிஎஸ் 8-க்கு இறங்கினால் ட்யூப் போடாமல் வண்டி ஏற்றாதீர்கள். ட்யூப் போட மயக்குவதற்குக் கெட்டமைன் கூடாது என்பது பழைய பாடம், பிபி தளர்ந்த குழந்தைக்கு அதுவே மேல். பதற்றத்தில் எல்லோரும் வேகமாக அமுக்குவார்கள். கார்பன் டையாக்சைடு இறங்கும், மூளை ரத்தக்குழாய் சுருங்கும், அழுத்தம் குறைந்த மாதிரி தோன்றும், ஆனால் மூளை ரத்தமில்லாமல் காயும். 4 வயதுக்கு மூன்று விநாடிக்கு ஒரு அமுக்கு. கேப்னோகிராஃப் (வெளிமூச்சில் கார்பன் டையாக்சைடை அளக்கும் கருவி) இருந்தால் 35 முதல் 40 வரை. பியூப்பில் விரிந்து நின்றுவிட்டால் மட்டும், அடுத்த 3% சலைன் ஏறும் வரை 30 முதல் 35-க்குக் கொண்டுவரலாம். துடிப்பு குறைந்து பிபி ஏறுவதற்காகக் காத்திருக்காதீர்கள், அது கடைசிக் கட்டம். அந்த பிபியை மருந்து போட்டு இறக்கவும் கூடாது.

உச்சிக்குழி: மெல்ல மெல்ல ஏறும் அழுத்தத்துக்குத் தலை பெருத்து ஈடுகொடுக்கும். திடீரென்று ஏறினால் திறந்த உச்சிக்குழி காப்பாற்றாது. அழாதபோது, நிமிர்த்தி உட்காரவைத்துத் தொட்டுப் பாருங்கள். படுத்து அழும் எந்தக் குழந்தைக்கும் அது புடைத்துத்தான் இருக்கும். கருவிழி கீழே இறங்கி மேலே வெள்ளை தெரிந்தால் யோசிக்கவே வேண்டாம்.

ஸ்டாஃப்_நர்ஸ்
ரெஃபரல் சீட்டில் இவை இல்லாமல் அனுப்பாதீர்கள்: வலிப்பு மருந்து போட்ட நேரம், ஒவ்வொரு போலஸும் (ஒரே தடவையாக ஓட்டும் அளவு) ஓடிய நேரம், அதற்கு முன்னும் பின்னும் இரண்டு பியூப்பிலின் அளவு மிமீ-யில், கடைசி சோடியம், சிறுநீர் எத்தனை மிலி. சோடியம் 160-ஐத் தாண்டியிருந்தால் அங்கே அடுத்த 3% போலஸ் போடமாட்டார்கள், அதனால் அந்த எண்ணைச் சிவப்பில் எழுதுங்கள்.