30 வெள்ளிப் பாராங் காட்டுக்குப் போதுமா?

சிப்புட்காரன்:
சனிக்கிழமை இரவு பேராக் மாநிலத்து லாசா பக்கம் ஆற்றோரம் தங்கிவிட்டு இன்றுதான் சுங்கை சிப்புட் திரும்பினேன். கொண்டுபோனவை 30 வெள்ளி (ரிங்கிட்) விலையில் ஒரு பாராங், அதாவது காடு வெட்டும் நீளக் கத்தி, நீலத் தார்ப்பாய், மைலோ டின், பழைய சைக்கிள் டியூப், இரண்டு லைட்டர், காலில் கம்போங் அடிடாஸ் என்கிற ரப்பர் காலணி. விடிய 2 மணிவரை மழை. நனையாமல் தூங்கினேன், காலையில் தேநீரும் போட்டுக் குடித்தேன். 600 வெள்ளிக் கத்தியை இடுப்பில் தொங்கவிட்டுப் படம் எடுக்கிறவர்களைக் கேட்கிறேன், நம் பாட்டன்மார் எந்தக் கடையில் வாங்கிக் காட்டை அழித்தார்கள்?

மலையேறி:
பாட்டன்மாரை விடுங்கள் அண்ணே. அவர்கள் ஆசைப்பட்டா காட்டுக்குப் போனார்கள்? எத்தனை பேரை மலேரியா கொண்டுபோனது! நானும் மலிவுப் பாராங் வைத்திருந்தேன். மூங்கிலை ஓங்கி வெட்டினேன். பிடி கையில் இருந்தது, அலகு கால் கட்டைவிரலுக்கு அருகில் மண்ணில் குத்தி நின்றது. அன்றோடு அதைத் தொடவில்லை.

சிப்புட்காரன்:
வாங்கும்போது பிடியை ஆட்டிப் பார்த்தீர்களா? மலிவுச் சரக்கில் பெரும்பாலும் அலகின் வால் பிடிக்குள் பாதிவரைதான் போயிருக்கும், பிசின்தான் பிடித்துக்கொண்டிருக்கும். நான் புதிதாக வாங்கியதும் பிடியோடு வாலையும் துளைத்து ஆணி அடித்து, முனையை மடக்கி, மேலே டியூப்பை இறுக்கிச் சுற்றுவேன். அரை மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விலைமேல் பழி போடலாமா?

லயத்துப்பெண்:
அண்ணன்மார் இருவரும் கத்தியிலேயே நிற்கிறீர்கள். நம் மழைக்காட்டில் முதலில் கைவிடுவது நெருப்புதான். தரையில் கிடக்கும் விறகு பஞ்சுபோல் ஊறியிருக்கும். நின்றபடியே பட்ட மரத்தை வெட்டிப் பிளந்தால் உள்தண்டு காய்ந்திருக்கும், அதைச் சீவல் சீவலாக்க வேண்டும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போன காலத்தில், மரத்தில் உறைந்திருக்கும் ஒட்டுப்பாலைக் கிள்ளிப்போட்டுத்தான் அடுப்பு மூட்டுவார். கித்தா, அதாவது ரப்பர், ஈரத்திலும் எரியும். டியூப் துண்டும் அப்படித்தான், ஆனால் கரும்புகை அடங்கும்வரை டின்னை வைக்காதீர்கள், தேநீரில் டயர் வாடை வரும். கணு இரண்டும் மூடிய மூங்கிலைத் தீயில் போடாதீர்கள், வெடிக்கும். முதலில் துளை போடுங்கள்.

இன்னொன்று, பாராங்கை மோட்டாரில் வெளியே தெரிய வைத்துக்கொண்டு போகாதீர்கள். தக்க காரணமின்றிப் பொது இடத்தில் வைத்திருந்தால் அரிக்கும் பொருள், வெடிபொருள், தாக்கும் ஆயுதங்கள் பற்றிய 1958ஆம் ஆண்டுச் சட்டம் பாயும்.

மலையேறி:
தங்கச்சி சொன்னது சரி. காப்புக் காட்டில் தங்க வன இலாகாவின் அனுமதியும் வேண்டும், அண்ணன் அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆற்று நீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் எலிச் சிறுநீர் கலந்திருக்கலாம். கொதி வந்து 1 நிமிடமாவது தளதளவென்று கொதிக்க வேண்டும். காலில் புண் இருந்தால் ஆற்றில் இறங்கவே கூடாது. சரி, பாராங் மலிவாகவே இருக்கட்டும். தலைவிளக்கு? இருட்டில் வழுக்குப்பாறையில் கால் வைக்கும்போது 5 வெள்ளி விளக்கு அணைந்தால் உங்கள் ஆணியும் டியூப்பும் என்ன செய்யும்?

சிப்புட்காரன்:
இருட்டில் ஏன் நடக்கிறீர்கள்? மாலை 5 மணிக்குள் தார்ப்பாயைக் கட்டிவிட்டு உட்கார வேண்டியதுதானே. அனுமதி விஷயத்தில் குட்டு வாங்கிக்கொள்கிறேன்.

மலையேறி:
இரவில் வெள்ளம் ஏறினால் உட்கார்ந்தே மிதப்பீர்களா? விளக்கு விஷயத்தில் நான் இறங்கி வரமாட்டேன். அந்த அலகு இன்னும் வீட்டுக் கொட்டகையில் பிடியில்லாமல் கிடக்கிறது. எத்தனை அங்குல ஆணி அண்ணே?