சத்தமே இல்லாமல் ஒழுகியது: நேரில் பார்த்ததைப் பகிருங்கள்

குழாய்த்துளி:
எல்லாக் குழாயும் மூடியாச்சு. ஆனாலும் தண்ணீர் மீட்டரில் இருக்கும் அந்தச் சின்னச் சக்கரம் நகர்ந்துகொண்டே இருந்தது. உற்றுப் பார்த்தால்தான் தெரியும், அவ்வளவு மெதுவாக. ஃபிளஷ் டேங்க்குக்குள் நீலச் சாயம் பத்துச் சொட்டு விட்டு, அரை மணி நேரம் யாரும் ஃபிளஷ் செய்யாமல் விட்டதில், கோப்பையின் பின்சுவரில் தலைமுடி தடிமனுக்கு ஒரு நீலக் கோடு இறங்கியிருந்தது. காதை வைத்துக் கேட்டாலும் சத்தம் இல்லை. அந்த நீலக் கோடு இன்னும் கண்ணை விட்டுப் போகவில்லை.

அளவு எடுத்துப் பார்த்தது இப்படி: தொட்டிக்குத் தண்ணீர் வரும் ஆங்கிள் வால்வை மூடி, நீர்மட்டத்தில் பென்சில் கோடு போட்டாயிற்று. அரை மணியில் 2 செ.மீ. இறங்கியது. தொட்டி உள்ளளவு 40 க்கு 15 செ.மீ., ஆக 1.2 லிட்டர். ஒரு நாளைக்கு 57 லிட்டருக்கு மேல், வருடத்துக்கு ஏறக்குறைய 21,000 லிட்டர். காரணம், தொட்டி நீரைக் கோப்பைக்குத் திறந்துவிடும் அடிவால்வின் ரப்பர் வாஷர். பட்டன் வகை தொட்டியில் நடுவில் நிற்கும் வால்வைக் கால் சுற்று இடப்பக்கம் திருப்பினால் பெரும்பாலும் கையோடு வந்துவிடும். வாஷரைக் கழற்றி, அது உட்காரும் விளிம்பில் படிந்த சுண்ணாம்பைத் துணியால் துடைத்துவிட்டுப் புதிது போட வேண்டும். துடைக்காமல் போட்டால் புது வாஷரும் ஒழுகும். கடையில் அதே அளவு கிடைக்கும்வரை பழையதைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டும் சமாளிக்கலாம்.

ஈரச்சுவர்:
இதைவிட மோசமானது செங்கல். தண்ணீர் மிச்சம் என்று யாரோ டேங்க்குக்குள் முழுச் செங்கல் வைத்திருந்தார்கள். மூடியைத் தூக்கினால் அடியெல்லாம் சிவப்புச் சேறு. அந்தத் துகள் வாஷருக்கும் விளிம்புக்கும் நடுவில் போய் உட்கார்ந்து, மிச்சம் பிடித்ததைவிட அதிகமாக ஒழுகிக்கொண்டிருந்தது. வைத்தே ஆக வேண்டுமானால் மணலும் தண்ணீரும் நிரப்பி இறுக மூடிய பிளாஸ்டிக் பாட்டில் போதும், மிதவையிலும் சங்கிலியிலும் இடிக்காத மூலையில். அதுவும் ஒன்பது, பத்து லிட்டர் பிடிக்கும் பழைய தொட்டிக்குத்தான். ஆறு லிட்டர் தொட்டியில் வைத்தால் ஒரு தடவையில் போகாது. இரண்டு தடவை அழுத்த வேண்டி வரும். தொட்டிக்குள் போடும் குளோரின் மாத்திரையும் வேண்டாம், ரப்பர் சீக்கிரம் உளுத்துப்போகும்.

குழாய்த்துளி அவர்கள் தண்ணீரை மட்டும் கணக்குப் போட்டிருக்கிறார். அதை மேல்தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் கரண்ட் இருக்கிறதே, உண்மையான செலவு அதுதான்.

கிலோவாட்:
ஈரச்சுவர் அவர்களே, செங்கல் விஷயம் சரி. மோட்டார் விஷயம் சரியில்லை. 21,000 லிட்டரை 15 மீட்டர் உயரம் தூக்க ஒரு யூனிட்கூட வேண்டாம். வீட்டு மோட்டாரில் முக்கால் பங்கு வீணாகிறது என்றே வைத்தாலும் வருடத்துக்கு மூன்று, மூன்றரை யூனிட். குளிர்ந்த நீர் ஒழுகினால் நஷ்டம் தண்ணீரில்தான், கரண்டில் இல்லை.

சுடுநீர் ஒழுகினால் கணக்கே வேறு. பார்த்தது ஒரு சுடுநீர்க் குழாய். வினாடிக்கு ஒரு சொட்டு. அடியில் வைத்திருந்த வாளியில் கை வைத்தால் தண்ணீர் குளிர்ந்து கிடந்தது, அதனால் யாருக்கும் உறைக்கவில்லை. சூடு குழாயிலேயே போய்விடுகிறது, ஆனால் கீசரை விட்டுப் போனது போனதுதான். சொட்டு கால் மில்லி என்றால் நாளுக்கு 21 லிட்டருக்கு மேல். ஆயிரம் லிட்டரை 30 டிகிரி சூடேற்ற 35 யூனிட் பிடிக்கும். கீசர் நாள் முழுக்க ஆனில் இருக்கும் வீட்டில் வருடத்துக்கு 270 யூனிட்டைத் தாண்டும். ஆகவே ஒழுகும் குழாய்களில் முதலில் கை வைக்க வேண்டியது சுடுநீர்ப் பக்கம்.

திருகு குழாயானால் இன்னும் இறுக்கி மூடாதீர்கள், வாஷர் கிழியும். வாஷர் மாற்றிய சில வாரத்திலேயே மறுபடி ஒழுகினால் உள்ளே வாஷர் போய் உட்காரும் பித்தளை இருக்கை குழி விழுந்திருக்கும். அதைத் தேய்த்துச் சமப்படுத்தாமல் எத்தனை வாஷர் போட்டாலும் நிற்காது. கால் சுற்றுக் குழாயில் வாஷர் இல்லை, பீங்கான் தட்டுகள். இடையில் மணல் சிக்கிக் கீறியிருந்தால் அந்தத் தட்டுகள் அடங்கிய உள்பாகமான கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். வாங்கும்போது பழையதைக் கையில் கொண்டு போங்கள், கைப்பிடி மாட்டும் தண்டின் பல் எண்ணிக்கை ஒத்துப் போகாவிட்டால் கைப்பிடி உட்காராது.

வெந்நீர்:
கீசர் பேச்சு வந்ததால் சொல்கிறேன், மனசு பதறிய காட்சி இது. கீசருக்கு அடியில் பாதுகாப்பு வால்விலிருந்து சொட்டுகிறது என்று அதன் வாயில் மூடி திருகி, மேலே டேப்பும் சுற்றியிருந்தார்கள். தயவுசெய்து இதை யாரும் செய்யாதீர்கள். மூடிய தொட்டியில் தண்ணீர் சூடாகும்போது விரியும். 25 லிட்டரை 20 லிருந்து 60 டிகிரிக்கு ஏற்றினால் 400 மில்லி அளவுக்குக் கூடும். அது வெளியேறத்தான் அந்த வால்வு. அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் பழுதானால் தொட்டி வெடிக்கும்.

சூடேறும்போது மட்டும் சொட்டினால் அது பழுது இல்லை. சுவிட்சை அணைத்து, ஆறிய பிறகும் சொட்டினால் வால்வில் மணல் இருக்கலாம். கரண்டை நிறுத்திவிட்டு நெம்புகோலைச் சில வினாடி தூக்கி விடுங்கள், கையை விலக்கி. நிற்காவிட்டால் புது வால்வுதான்.

மிச்சம் பிடிக்க தெர்மோஸ்டாட்டை 45 இல் வைப்பவர்களும் உண்டு. தேங்கும் நீரில் 20 லிருந்து 45 டிகிரி வரை, நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி வளர ஏற்ற சூடு. தொட்டியில் 60 இருக்கட்டும், குழாயில் குளிர்நீர் கலந்துகொள்ளுங்கள். வேண்டுமானால் டைமர் போட்டு ஆன் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள்.

பனிக்கதவு:
தண்ணீர் மட்டுமா ஒழுகுகிறது? எரியும் டார்ச்சை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துக் கதவைச் சாத்தி, அறை விளக்கை அணைத்ததும் கீழ்மூலையில் ஒரு விரல் நீளத்துக்கு வெளிச்சம் தெரிந்தது. குளிர் போகும் வழி அது.

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். கதவோர ரப்பர் பட்டையான கேஸ்கெட்டை உடனே மாற்ற ஓட வேண்டாம். முதலில் மடிப்புக்குள் இருக்கும் பிசுக்கை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் துடையுங்கள். உள்வாங்கிய இடத்தில் சுடுதண்ணீரில் பிழிந்த துணியை வைத்து ரப்பரை இளக்கி, விரலால் வெளியே இழுத்து, கதவைச் சாத்தி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஒரு தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்துப் பாருங்கள், சுற்றிலும் பத்து இடத்தில். லேசாக வந்துவிடும் இடம் இன்னும் சரியாகவில்லை. முன்கால்களைச் சற்று உயர்த்தினால் பாதி திறந்த கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். உள்ளே 4 டிகிரி, உறைபெட்டியில் மைனஸ் 18. அதற்குக் கீழே போவதெல்லாம் வீண் செலவு. பனி அரை செ.மீ. தடித்தால் அணைத்துவிட்டு உருக விடுங்கள். கத்தியால் குத்தினால் உள்ளே ஓடும் வாயுக்குழாய் ஓட்டையாகும், அதோடு பெட்டியே போயிற்று.

குழாய்த்துளி:
கிலோவாட் அவர்களே, கணக்குக்கு நன்றி. சுடுநீர் முதலில் என்பதை ஒப்புக்கொள்கிறேன். என் பதிவில் ஒன்று விட்டுப்போச்சு. வாஷர் மாற்றிய பிறகும் கோப்பையில் நீலம் வந்தால் அடிவால்வையே திட்டாதீர்கள். ஆங்கிள் வால்வை மூடியும் பென்சில் கோட்டிலேயே தண்ணீர் நின்றால், வாஷர் நன்றாக இருக்கிறது. மிதவை சரியாக மூடாமல், மிஞ்சும் நீரைக் கோப்பைக்கு இறக்கும் வழிகுழாய்க்குள் தண்ணீர் வழிகிறது. மட்டம் வழிகுழாயின் வாய்க்கு 2.5 செ.மீ. கீழே நிற்கும்படி மிதவைத் திருகைச் சரிசெய்துவிட்டு, மறுபடி சாயம் விட்டுப் பாருங்கள்.