யாழ்ப்பாணத் தீவகத்தை வான் வண்டியில் சுற்றியவர்கள் இருக்கிறீர்களா? எங்கள் கதை இது

வான்காரன், திருநெல்வேலி

கனடாவில் இருந்து வந்த மச்சான் முன்னொரு தரம் ஐஸ்லாந்தை வானிலேயே சுற்றியவன். படுக்கை, அடுப்பு எல்லாம் வானுக்குள். அங்கே தீவைச் சுற்றும் வீதி மட்டும் 1,300 கிலோமீற்றருக்கு மேல். வந்து இறங்கிய அன்றே, "இஞ்ச உங்களுக்கு ஏழு தீவு கிடக்கு, ஏன் ஒருத்தரும் இப்பிடிப் போறேல்லை?" என்று தொடங்கிவிட்டான்.

என்னிடம் ஒரு பழைய டொல்பின் வான் நிற்கிறது. பின் சீற்றுகளைக் கழற்றி, பலகை அடித்து, மெத்தை போட்டேன். பலகைக்குக் கீழே காஸ் சிலிண்டர், அரிசி, 20 லீற்றர் தண்ணீர்க் கான். இரண்டு கிழமை வேலை. குறிகட்டுவான் படகுத்துறை வரைக்கும் 30 கிலோமீற்றர் சொச்சம்தானே, இரண்டு நாளில் எல்லாம் முடிந்துவிடும் என்பது எங்கள் கணக்கு.

முதல் இரவு வேலணையில், சாட்டிக் கடற்கரையில். இரவு ஒன்பது மணி இருக்கும், ரோர்ச் வெளிச்சத்தோடு ஒரு பெரியவர் வந்தார். "ஆர் பிள்ளையள்? எவடம்?" அம்மாவின் ஊர் சரவணை என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான். "சரவணையில சொந்தம் இருக்க வானுக்குள்ளயோ படுக்கிறது? ஆக்கள் என்ன நினைப்பினம்?" ஐஸ்லாந்தில் இந்தப் பிரச்சினை வரவில்லையாம். பெரியவர் போய் அரை மணித்தியாலத்தில் ஒரு பொடியனிடம் தேத்தண்ணிப் போத்தலும் அரை றாத்தல் பாணும் கொடுத்துவிட்டார்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். கான் அடுத்த நாள் காலையே முடிந்துவிட்டது, மச்சான் கடலில் குளித்து வந்து நல்ல தண்ணீரில் முழுகியதால். வேலணையில் ஒரு வீட்டில் கேட்டோம். அந்த அக்கா, "எங்கட கிணறு உவர் தம்பி, சாட்டிப் பக்கமே போய் அள்ளுங்கோ" என்றா. தீவுகளில் நல்ல தண்ணீர் என்பது நிலத்துக்குக் கீழே உப்புத் தண்ணீருக்கு மேல் மிதக்கும் மழைத் தண்ணீர்தான். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழே உள்ள உப்பு ஏறிவிடும். சாட்டியில் அந்த நல்ல தண்ணீர் கொஞ்சம் கூட, அதனால் ஊரெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு இருக்கிறது. அதைக் கேட்ட பிறகு மச்சான் ஒரு செம்பில் முகம் கழுவப் பழகிவிட்டான்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் போனது ஆனி மாதம், சோளகக் காற்று நல்லாக வீசுகிற காலம். வேலணையில் இருந்து புங்குடுதீவுக்குப் போகிற வாணர் பாலத்தில் வான் பக்கவாட்டில் தள்ளுப்பட்டது. குறிகட்டுவானில் வானை விட்டுவிட்டு நெடுந்தீவுப் படகில் ஏறினோம். பயணிகள் படகில் வானுக்கு இடமேது? ஒரு மணித்தியாலம் மச்சான் வாயே திறக்கவில்லை, கண்ணை மூடிக்கொண்டு கம்பியைப் பிடித்தபடி இருந்தான்.

நெடுந்தீவு மாவலித்துறையில் இறங்கும்போதே, பின்னேரம் கடல் எழும்பும், படகு இன்றைக்கு வெள்ளனப் போகும் என்று சொன்னார்களாம். நான் படம் எடுத்துக்கொண்டு நின்றேன், காதில் விழவில்லை. பெருக்குமரம், ஒல்லாந்தர் கோட்டை, புறாக்கூடு எல்லாம் பார்த்தோம். அதோடு திரும்பியிருக்கலாம். மேற்கே வெடியரசன் கோட்டையையும் பார்க்காமல் வரமாட்டேன் என்று மச்சான் அடம்பிடித்தான். லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் குலுங்கிக் குலுங்கித் திரும்பி வந்தால் துறையில் படகு இல்லை.

லான்ட்மாஸ்டர்காரர் தன் வீட்டு விறாந்தையில் பாய் போட்டுத் தந்தார். திருக்கைக் கறியும் சோறும். இரண்டு கிழமை செதுக்கிய கட்டில் குறிகட்டுவானில் சும்மா நின்றது.

நெடுந்தீவு மருமகன்

உங்களுக்குப் படகு தப்பியது நல்லதுக்குத்தான். பகல் படகில் வந்து பகல் படகில் போகிறவர்கள் நெடுந்தீவுக் காட்டுக் குதிரையைத் தூரத்தில் பார்த்துப் படம் எடுப்பதோடு சரி. நான் கலியாணம் முடித்த புதிதில் ஒரு விடியற்காலை மாமியின் கிணற்றடிக்குப் போனேன். தொட்டிக்குப் பக்கத்தில் ஒரு பெட்டைக் குதிரை நிற்கிறது, கால் நடுங்குகிற குட்டியோடு. கோடைகாலம், கேணிகள் வற்றிப் போயிருந்தன. பிடரி மயிர் முழுக்க முள் ஒட்டிச் சடை பிடித்திருந்தது, விலா எலும்பை எண்ணலாம். என்னைப் பார்த்து ஒதுங்கவும் இல்லை, கிட்ட வரவும் இல்லை. வாளியால் அள்ளி ஊற்றினேன். ஊற்றிவிட்டு நாலடி பின்னால் போனபிறகுதான் குடித்தது. மாமி உள்ளே இருந்து, "ஒரு வாளி காணும், எங்களுக்கும் வேணும்" என்றா.

கல்வேலிகளைக் கவனித்தீர்களா? முருகைக்கல்லை, அதாவது பவளப்பாறைக் கல்லை, ஒன்றின்மேல் ஒன்று அடுக்கியதுதான், சுண்ணாம்பும் இல்லை, சீமெந்தும் இல்லை. சாய்ந்து நின்று படம் எடுக்காதீர்கள் ஐயா. விழுந்தால் திரும்ப அடுக்குவது நாங்கள்.

கோப்பாய் அக்கா

ஆம்பிளையள் எழுதுகிற பயணக் கதைகளில் கழிப்பறை வருவதே இல்லை.

புங்குடுதீவுப் பேத்தி

அக்கா சொன்னது சரி. நாங்கள் அம்மம்மாவையும் ஏற்றிக்கொண்டு போனபடியால் முதல் யோசனையே அதுதான். கடற்கரை வேண்டாம், தெரிந்த வீட்டு வளவு என்று முடிவெடுத்தோம். தெரிந்த வீடு என்றால் அம்மம்மாவின் வீடுதான். 1991இல் விட்டுவிட்டு வந்தது.

கூரை இல்லை. சாமியறைக்குள் ஒரு வேம்பு வளர்ந்து சுவருக்கு மேலால் போய்விட்டது. பக்கத்து இரண்டு வளவும் அப்படித்தான், ஒன்றின் சொந்தக்காரர் சுவிஸ், மற்றது பிரான்ஸ். மூன்றாம் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். கழிப்பறையும் தண்ணீரும் அங்கே.

வானை முற்றத்தில் விட்டோம். அம்மம்மா இறங்கி, "இதில விடாதை, கொஞ்சம் பின்னுக்கு எடு. இது குசினி வாசல்" என்றா. எங்களுக்கு அங்கே பற்றைதான் தெரிந்தது. தம்பி வானைப் பின்னுக்கு எடுத்தான். இரவு நுளம்பு தாங்கவில்லை, ஆனாலும் வான் கதவை மூட அவ விடவில்லை.

வான்காரன், திருநெல்வேலி

காரைநகர் பற்றி ஒருவர் உள்பெட்டியில் கேட்டிருந்தார். ஊர்காவற்றுறையில் நின்றால் காரைநகர் கண்ணுக்கு எதிரே தெரியும், நடுக்கடலில் கடற்கோட்டையும் தெரியும். நாங்கள் வானைக் கரையில் விட்டுவிட்டு, பாதை என்கிற மிதவையில் ஆட்களோடு ஆட்களாக அக்கரை போய்த் திரும்பினோம். வானோடு காரைநகர் கசூரினாக் கடற்கரைக்குப் போனது அடுத்த நாள், யாழ்ப்பாணம் வந்து மானிப்பாய், சங்கானை, பொன்னாலைப் பாலம் என்று சுற்றி. அதற்கு ஒரு முழுப் பகல் வைத்துக்கொள்ளுங்கள். நயினாதீவுக்குக் குறிகட்டுவானில் இருந்து கால் மணித்தியாலம்தான். மத்தியானத்துக்குச் சமைக்கத் தேவையில்லை, அம்மன் கோயிலில் அமுதசுரபி மண்டபத்தில் அன்னதானம் உண்டு.

நெடுந்தீவில் இருந்து காலைப் படகில் திரும்பியபோது வான் நின்ற இடத்தில்தான் நின்றது. கண்ணாடி முழுக்க உப்பு, வெள்ளை படிந்து உள்ளே எதுவும் தெரியவில்லை. ஜெட்டிக்குக் கிட்ட விட்டது என் பிழை. என் அக்கா கட்டித் தந்த பனங்காய்ப் பணியாரத்தில் எறும்பு. மச்சான் ஒன்றை எடுத்துத் தட்டிவிட்டுத் தின்றான்.