ஒரு இழுப்பறை, இருபது நிமிடம்: அடைசலைக் குறைக்கும்போது எங்கே தவறுகிறது, ஏன்?

"இன்றைக்கு வீட்டையே ஒழித்துவிடுவது" என்று காலையில் தொடங்கும் வேலை, பெரும்பாலும் ராத்திரி கட்டில் மேல் ஒரு குவியலாகத்தான் நிற்கும். படுக்க இடம் வேண்டுமே என்று எல்லாவற்றையும் அள்ளி மறுபடி உள்ளே திணிப்பார்கள். இதைச் சோம்பல் என்று சொல்வது தப்பு. ஒவ்வொரு பொருளும் ஒரு முடிவைக் கேட்கிறது. அலமாரியில் இருநூறு சாமான் இருந்தால் இருநூறு முடிவு. கொஞ்ச நேரத்தில் மனம் களைத்துப்போய் "இருக்கட்டும், அப்புறம் பார்த்துக்கலாம்" என்று சொல்லத் தொடங்கிவிடும்.

அதனால் சிறு படியின் அளவு இதுதான்: திறந்ததை அதே தடவையில் மூடிவிட முடிய வேண்டும். ஒரு இழுப்பறை, அலமாரியில் ஒரே ஒரு தட்டு, கண்ணாடிக்குக் கீழே உள்ள மாடம். அலாரத்தை 20 நிமிடத்துக்கு வையுங்கள். 15 நிமிடம் பிரிப்பதற்கு, மீதி 5 நிமிடம் வெளியேற்றுவதற்கு.

தரையில் ஒரு பழைய போர்வையை விரித்து இழுப்பறையை முழுதாகக் கவிழ்த்துவிடுங்கள். உள்ளே இருந்தபடியே பொறுக்கினால் எதை எடுப்பது என்று தேடுவோம். கவிழ்த்தபின் எதைத் திரும்ப உள்ளே வைப்பது என்று கேட்போம். கேள்வி மாறுவதாலேயே பாதி சாமான் வெளியே நின்றுவிடும். பிறகு நான்கு பங்கு: இங்கேயே இருக்க வேண்டியது, வேறு அறைக்குப் போக வேண்டியது, வீட்டை விட்டுப் போக வேண்டியது, முடிவு தெரியாதது. வேறு அறைக்கு உரியதைக் கையில் எடுத்துக்கொண்டு உடனே எழுந்து போகாதீர்கள். போன இடத்தில் இன்னொரு வேலை பிடித்துக்கொள்ளும், இங்கே விரித்தது விரித்தபடி கிடக்கும். பக்கத்தில் ஒரு கூடை வைத்து அதில் போட்டு வாருங்கள், கடைசி 5 நிமிடத்தில் ஒரே நடையாகக் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

முடிவு தெரியாததற்கு ஒரே ஒரு பெட்டி, செருப்புப் பெட்டி அளவு போதும். ஒட்டி மூடி, மேலே தேதி எழுதி, 6 மாதம் விடுங்கள். ஒட்டுவதற்கு முன்பே நிறைந்துவிட்டால் இரண்டாவது பெட்டி கிடையாது, உள்ளே இருப்பதில் ஏதாவது ஒன்றுக்கு முடிவு சொல்லிவிட்டுத்தான் அடுத்ததை வைக்கலாம்.

"எப்போதாவது உதவுமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்தப் பொருளுக்கும் அதற்குப் பதில் "ஆமாம்"தான். 1990-இல் கானமன், நெட்ஷ், தாலர் என்ற ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்ட பரிசோதனையில் சிலருக்கு ஒரு காபிக் கோப்பையைக் கொடுத்தார்கள். அதை விற்க அவர்கள் கேட்ட விலை, கோப்பை கிடைக்காதவர்கள் வாங்கச் சொன்ன விலையைப்போல இரு மடங்கை ஒட்டி இருந்தது. சற்று முன் கைக்கு வந்த கோப்பைக்கே இப்படி என்றால், பத்து வருடம் வீட்டில் கிடந்த பொருளைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? "இது என்னிடம் இல்லாவிட்டால், இன்று தேடிப் போய் வாங்குவேனா?" என்று கேளுங்கள். கை தானாகவே தளரும்.

இன்னொன்று: அழகான டப்பாக்களை முதலில் வாங்கிவிட வேண்டாம். கழித்த பிறகு மிஞ்சுவது எவ்வளவு என்று தெரியாமல் வாங்கிய டப்பாவும் அடைசல்தான்.

பதில் 1

மேலே சொன்ன கடைசி 5 நிமிடம் பற்றி ஒரு வார்த்தை. "கொடுக்க வேண்டியது" என்று கட்டிய பை வாசலுக்குப் பக்கத்தில் இரண்டு வாரம் நின்றால், ஒவ்வொன்றாக உள்ளே திரும்பிவிடும். யாருக்கு, எந்த நாளில் என்று பை மேலேயே எழுதிவிடுங்கள்.

இனி காகிதம். இதில்தான் நிறையப் பேர் நடுவழியில் நிற்கிறார்கள், ஏனென்றால் படிக்க உட்கார்ந்துவிடுகிறார்கள். முதல் சுற்றில் தலைப்பும் தேதியும் தவிர எதையும் படிக்கக் கூடாது. வாழ்நாள் முழுதும் வேண்டியவை (பிறப்பு, கல்வி, சொத்து ஆவணங்கள்), ஒரு கெடு வரை வேண்டியவை (உத்தரவாத அட்டை, ரசீது, வரிக் கணக்கு), இப்போதே கழிக்க வேண்டியவை என்று மூன்றாகப் பிரியுங்கள். இரண்டாவது வகை உறையின் மேல் "இந்த வருடம் வரை" என்று எழுதிவிட்டால் அடுத்த தடவை யோசனையே இல்லை. கழிப்பவற்றில் அடையாள எண், கணக்கு எண் உள்ள தாள்களைக் கிழித்துப் போடுங்கள்.

பளபளவென்ற ரசீதுத் தாளைக் கவனியுங்கள். அதில் மை இல்லை, சூடு பட்டுக் கறுக்கும் பூச்சு மட்டுமே. வெயில் பட்டாலும் பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தாலும் எழுத்து மங்கி வெள்ளைத் தாளாகிவிடும். உத்தரவாதம் உள்ள பொருளின் ரசீதை வாங்கிய அன்றே படம் எடுங்கள், அல்லது நகல் எடுங்கள். மூலச் சான்றிதழ்களை லேமினேஷன் செய்யாதீர்கள்: சேதமில்லாமல் பிரிக்க முடியாது. ஊசி, ஸ்டேப்ளர் கம்பி எல்லாவற்றையும் கழற்றுங்கள், துருப்பிடித்தால் தாளோடு ஒட்டிக்கொள்ளும். மலிவான பிளாஸ்டிக் உறைகளில் நகல் தாளை வைத்தால் நாளடைவில் எழுத்து உறையோடு ஒட்டி உரிந்து வரும். காகித உறையே மேல்.

பதில் 2

ஒயர் இழுப்பறை, மருந்து இழுப்பறை இரண்டும் அடைசல் மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

சதுரமான 9 வோல்ட் பேட்டரியின் இரண்டு முனையும் ஒரே பக்கத்தில் இருக்கும். சாவியோ ஊசியோ அதன் மேல் விழுந்தால் ஷார்ட் ஆகிச் சூடேறும், தீயும் பிடிக்கலாம். முனைகள் மேல் டேப் ஒட்டித் தனியாக வையுங்கள். பொத்தான் பேட்டரிகளைக் குழந்தை கைக்கு எட்டவே விடக் கூடாது. விழுங்கிவிட்டால் இரண்டே மணி நேரத்தில் உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். பழைய கைபேசியின் பேட்டரி உப்பியிருந்தால் அழுத்தவோ குத்தவோ வேண்டாம். எரியாத தரையில் தனியே வைத்து, மின்கழிவு வாங்கும் இடத்தில் சேருங்கள். கைபேசியைக் கொடுப்பதற்கு முன் அதில் உள்ள கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மையும் மெமரி கார்டையும் எடுத்துவிட்டு, அதன் பிறகுதான் உள்ளே இருக்கும் தகவல்களை அழிக்க வேண்டும். வரிசை மாறினால் அடுத்தவர் கையில் அது பூட்டிக்கொள்ளும்.

ஒயர்களை ஒவ்வொன்றாகப் பொருத்திப் பார்த்து, எந்தச் சாதனத்துக்கு என்று காகித டேப்பில் எழுதி ஒட்டுங்கள். சாதனம் வீட்டில் இல்லையென்றால் ஒயரும் போகலாம்.

கெடு முடிந்த மாத்திரைகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வசதி இருந்தால் அங்கே கொடுங்கள். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, ஈர மண்ணோடோ காபித் தூள் சக்கையோடோ கலந்து, பையில் கட்டிக் குப்பையில் போடலாம். சீட்டில் உள்ள பெயரை அடித்துவிடுங்கள். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் குழலை (இன்ஹேலர்) குத்தவோ எரிக்கவோ கூடாது, வெடிக்கலாம்.

பதில் 3

துணிக்கு ஒரு சுருக்கு வழி: எல்லா ஹேங்கரையும் கொக்கி உங்களைப் பார்க்கும்படி திருப்பி மாட்டுங்கள். உடுத்தித் துவைத்ததை மட்டும் நேராக மாட்டுங்கள். ஒரு வருடம் கழித்தும் திரும்பியே இருப்பவை எவை என்று கண்ணுக்கே தெரியும்.

கொடுப்பதற்கு முன் ஒரு எச்சரிக்கை. நாப்தலீன் உருண்டை போட்டு வைத்த துணியை அப்படியே கைக்குழந்தை உள்ள வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். துவைத்து, வாசனை முழுதும் போகக் காற்றாட விட்ட பிறகு கொடுங்கள்.

பதில் 4

இதெல்லாம் நம் சொந்தச் சாமானுக்கு. அடுத்தவர் பொருளில் கை வைத்தால் வீட்டில் நிம்மதி கூடாது, குறையும். அவர்கள் இல்லாத நேரத்தில் எதையும் எடுத்துப் போடாதீர்கள். ஒரு தடவை தெரிந்துவிட்டால் அதன்பின் எதையும் தொட விடமாட்டார்கள்.

நடக்கவோ சமைக்கவோ வழியில்லாத அளவுக்குச் சாமான் சேர்ந்தும், ஒரு பழைய செய்தித்தாளைப் பிரிவதுகூட ஒருவருக்கு வேதனையாக இருந்தால், அது பிடிவாதம் என்று ஒதுக்கக் கூடாது. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட கையேட்டிலிருந்து பொருள் குவிக்கும் கோளாறு தனி நோயாகவே இடம்பெறுகிறது. அவரிடம் பேசாமல் வண்டி வைத்து அள்ளிப்போட்டால் வேதனை கூடும், வீடும் மறுபடி நிறையும். மனநல மருத்துவரிடம் போக வேண்டிய விஷயம் இது.

எங்கே தொடங்குவது என்று கேட்பவர்களுக்கு: படுக்கையிலிருந்து கண் திறந்ததும் எந்தப் பரப்பு தெரிகிறதோ, அது. ஜன்னல் திட்டாகவோ நாற்காலியாகவோ இருக்கலாம். அதில் ஒரு வாரம் எதுவுமே வைக்காமல் பாருங்கள். அந்த நாற்காலியில் மடித்த துணி வந்து ஏறினால், துணிக்கு வேறு இடம் இல்லை என்று அர்த்தம். அடுத்த 20 நிமிடத்தைத் துணி அலமாரியின் நடுத்தட்டுக்குக் கொடுங்கள்.