ஜூக்பாக்ஸ் மியூசிக்கல்: எந்த சீட், எப்போது கூடப் பாடலாம்?

கேள்வி – புதுரசிகன்:
ஜூக்பாக்ஸ் மியூசிக்கல் பார்க்கப் போகிறேன், அதாவது தெரிந்த பாப் பாட்டுகளை வைத்துக் கோர்த்த மேடை நாடகம். பாட்டுகளைக் கேட்டுவிட்டுப் போகணுமா? சீட் எங்கே எடுக்கலாம்? கூடப் பாடினால் முறைப்பார்களா?

ஒலிமேசை:
முதல் இரண்டு வரிசை வேண்டாம். டிரம்ஸும் பேஸும் மேடைக்கு முன்னால் இசைக்குழு உட்காரும் பள்ளத்திலிருந்து நேரே வந்து பாட்டு வரியை அமுக்கிவிடும். ஆடுபவர்களின் பாதமும் சரியாகத் தெரியாது. பால்கனிக்கு அடியில் ரொம்ப உள்ளே போனால் ஓசை மந்தம். ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் மேசை பெரும்பாலும் கீழ்த்தளத்தின் பின்பக்கம் இருக்கும். அதற்கு நாலைந்து வரிசை முன்னால், நடுவாகப் பாருங்கள். ஒலியைச் சரிபார்ப்பவர் கேட்பதைத்தான் நீங்களும் கேட்பீர்கள்.

பல்லவி:
கேளுங்கள், ஆனால் மெட்டைவிட வரிகளின் அர்த்தம் முக்கியம். பழைய வரி புது இடத்தில் கச்சிதமாக உட்காரும்போதுதான் அரங்கமே சிரிக்கும். 1999-இல் லண்டனில் தொடங்கிய 'மம்மா மியா!' முழுக்க ஸ்வீடனின் 'அப்பா' குழுவின் பாட்டுகள். (கதையும் மணப்பெண்ணுக்கு மூன்று பேரில் அப்பா யார் என்பதுதான். தமிழருக்கு மட்டும் கிடைக்கும் போனஸ் ஜோக்!) அதில் 'டேக் எ சான்ஸ் ஆன் மீ' (எனக்கு ஒரு வாய்ப்புக் கொடுத்துப் பார்) பாட்டைக் கல்யாணத்துக்குச் சற்று முன், மணப்பெண்ணுடைய அம்மாவின் தோழி ரோசி, அந்த மூவரில் ஒருவரான, தயங்கி நிற்கும் பில்லைத் துரத்தித் துரத்திப் பாடுவாள். வரி தெரியாதவருக்கு அது வெறும் ஓட்டம்.

ஒலிமேசை:
கூடப் பாடுவதற்குக் கடைசியில் நேரம் வரும். நடிகர்கள் வணங்கியபின் இரண்டு மூன்று ஹிட்டுகளைத் திரும்பப் பாடுவார்கள், அப்போது எழுந்து ஆடலாம். அதுவரை வாய் மட்டும் அசையட்டும். முன்னிசை கேட்டதுமே கைதட்டாதீர்கள். அதன் மேல்தான் வசனம் ஓடிக்கொண்டிருக்கும், நல்ல ஜோக் காணாமல் போகும்.

புதுரசிகன்:
நன்றி. நடு சீட்டே தேடுகிறேன்.