பழைய ரவுட்டரை மாற்றலாமா, இன்னும் கொஞ்ச நாள் ஓட்டலாமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு சின்னக் குழப்பம். வீட்டு வைஃபை ரவுட்டருக்கு ஒன்பது வயதாகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை மட்டும் உள்ள, வைஃபை 4 என்ற பழைய தலைமுறை ரகம், பின்னால் இருக்கும் போர்ட்டெல்லாம் 100 எம்பிபிஎஸ்தான். போன மாதம் 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்கு மாறினேன், ஆனால் ரவுட்டரிலிருந்து கேபிளை லேப்டாப்பில் செருகினாலும் 94-ஐத் தாண்டவில்லை; போர்ட்டேதான் தடுக்கிறது என்று அப்புறம்தான் உறைத்தது. வைஃபையில் 30, 40 வந்தாலே பெரிய விஷயம்.

வேகத்தைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அதுவாகவே தொங்கிவிடுகிறது, அணைத்துப் போட்டால் சரியாகிறது. வைஃபை சேனலை (அலைவரிசைக்குள் இருக்கும் தடத்தை) 1, 6, 11 என மாற்றிப் பார்த்தேன், அக்கம்பக்கத்து சிக்னல்களால் எல்லாமே நெரிசல். கரண்ட் அடாப்டர் பழசானாலும் இப்படித் தொங்கும் என்பதால் அதை மட்டும் மாற்றிப் பார்க்கலாமா என்று ஒரு நப்பாசை. ஆனால் ஃபர்ம்வேர் (ரவுட்டருக்குள் ஓடும் மென்பொருள்) அப்டேட் வந்து பல வருடமாகிறது, பாதுகாப்பும் டபிள்யூபிஏ2 என்ற பழைய வைஃபை பாதுகாப்பு முறையோடு நிற்கிறது, அதுதான் உறுத்துகிறது.

வைஃபை 5 போதுமா, இல்லை வைஃபை 6-க்கே போய்விடலாமா? பத்துப் பன்னிரண்டு சாதனங்கள் இருக்கின்றன, அதில் பாதி 2.4-ஐ மட்டுமே பிடிக்கும் பல்பு, கேமரா வகையறா. 5 கிகாஹெர்ட்ஸ் சுவர் தாண்டினால் சோர்ந்துவிடுமே, கடைசி அறைக்கு மெஷ் (பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் அமைப்பு) வேண்டியிருக்குமா, அல்லது கேபிள் இழுத்துப் பழையதையே அங்கே ஆக்சஸ் பாயிண்டாக (கேபிளில் வரும் இணையத்தை வைஃபையாகப் பரப்பும் பெட்டியாக) வைக்கலாமா? (தூக்கிப் போட மனசு வரவில்லை, அதுவும் ஒரு காரணம்.) இதே நிலையில் இருந்து மாற்றியவர்கள் யாராவது சொல்லுங்கள்.