பாய்ங்க்ல செட்டி@ஹோம் வேலை இறங்கவே மாட்டேங்குது, யாராவது உதவுங்க

பழைய பென்டியம்:
வணக்கம். கம்ப்யூட்டர் செக்‌ஷன்ல வேலை பாத்து ரிடையர் ஆனவன். வேற்றுகிரகத்துலேந்து சிக்னல் வருதான்னு வீட்டு கம்ப்யூட்டருங்கள வெச்சு தேடின திட்டம் தான் செட்டி@ஹோம், 1999ல அது வந்த புதுசுலயே சேந்துட்டேன், பென்டியம் 2, டயல்அப் மோடம், ஒரு வொர்க் யூனிட், அதாவது அவங்க அனுப்பற ஒரு துண்டு டேட்டா, சுமார் 350 கேபி தான் ஆனா அது இறங்கறதுக்குள்ள லைன் ரெண்டு தடவ கட்டாகும், கணக்கு போட்டு முடிக்க ஒரு நாளுக்கு மேல ஓடும். அத்தனைக்கும் அதுல இருக்கறது வானத்துலேந்து கேட்ட 107 செகண்ட் ரேடியோ சத்தம். ராத்திரி கரண்ட் போய் வந்தா ஃபேன் சுத்துதான்னு பாக்க மாட்டேன், இது விட்ட இடத்துலேந்து ஓடுதான்னு தான் பாப்பேன். 2012 வாக்குல வீடு மாத்தினப்ப விட்டுப்போச்சு. இப்ப பையன் லேப்டாப் வாங்கி குடுத்திருக்கான், விண்டோஸ் 11, 8 ஜிபி ராம். இந்த மாதிரி திட்டங்களோட வேலைய இறக்கி ஓட்டற பாய்ங்க் சாஃப்ட்வேர போட்டு, செட்டி@ஹோமோட பழைய அட்ரஸ கையால அடிச்சேன், வேலை ஒண்ணும் வரல. ரெண்டு தடவ ரீஇன்ஸ்டால் பண்ணியாச்சு, ஃபயர்வால கூட ஆஃப் பண்ணி பாத்துட்டேன்.

லினக்ஸ் தம்பி:
சார் முதல்ல ஃபயர்வால ஆன் பண்ணிடுங்க. உங்க பக்கம் தப்பே இல்ல, 2020 மார்ச் 31லேந்து செட்டி@ஹோம்காரங்க புது வேலை அனுப்பறதயே நிறுத்திட்டாங்க. தேவையான டேட்டாவ அனேகமா அலசி முடிச்சாச்சு, இனிமே வந்த ரிசல்ட்ட உக்காந்து ஆராயணும்னு சொல்லி தான் நிறுத்தினது. அதே வருஷம் டிசம்பர் 1ல, அந்த டேட்டாவ பிடிச்ச போர்ட்டோ ரிக்கோ அரெசிபோ ரேடியோ டெலஸ்கோப்பும் இடிஞ்சு விழுந்துடுச்சு.

பழைய பென்டியம்:
அரெசிபோ விழுந்த வீடியோவ பாத்துட்டு அன்னிக்கு சாப்பாடு இறங்கல தம்பி. 305 மீட்டர் தட்டு, நம்ம வீட்டுக்கு வந்த டேட்டா எல்லாம் அது கேட்டது தானே. அப்ப நாங்க ராத்திரி ராத்திரியா அனுப்பின ரிசல்ட் என்ன ஆச்சு, வீணா?

ராத்திரி வானம்:
வீணே இல்ல அய்யா. எல்லார் வீட்டு கம்ப்யூட்டரும் சேந்து 1200 கோடி சிக்னல் குறிச்சு குடுத்திருக்கு. அதுல ரேடார், டிவி, சாட்டிலைட்னு நம்ம பூமி சத்தத்தயே கழிச்சுக்கிட்டு வந்து கடைசில சுமார் 100 இடத்த எடுத்து, சீனாவுல இருக்கற 500 மீட்டர் ஃபாஸ்ட் டெலஸ்கோப்ப அந்த பக்கம் திருப்பி கேக்கறாங்க. வேற்றுகிரகத்துலேந்து தான் வந்ததுன்னு உறுதியா ஒண்ணும் இன்னும் கிடைக்கல. செட்டி@ஹோம் ஸ்கிரீன்சேவர்ல மலை மாதிரி ஒரு கோடு ஏறி இறங்குமே, ஞாபகம் இருக்கா? பூமி சுத்தறதால ஒரு நட்சத்திரம் அரெசிபோ பார்வைய சுமார் 12 செகண்ட்ல தாண்டிடும், அதனால வானத்துலேந்து வர்ற சிக்னல் அந்த நேரத்துக்குள்ள மெதுவா ஏறி இறங்கணும், பக்கத்து ரேடார் அப்படி செய்யாது. உங்க பென்டியம் தேடினது அந்த மலைய தான்.

லினக்ஸ் தம்பி:
சார் அதே பாய்ங்க்ல ஐன்ஸ்டைன்@ஹோம் சேருங்க. அது தேடறது பல்சர், அதாவது வேகமா சுத்திக்கிட்டே சீரா ரேடியோ துடிப்பு அனுப்பற செத்த நட்சத்திரம், ஆனா 2010ல இதே மாதிரி வீட்டு கம்ப்யூட்டருங்க அரெசிபோ டேட்டாலேந்தே ஒரு புது பல்சர கண்டுபிடிச்சுது.

பழைய பென்டியம்:
சேந்துட்டேன், 4 டாஸ்க் வந்துச்சு! ஆனா காலைல எந்திரிச்சு பாத்தா எல்லாம் சஸ்பெண்டட்னு நிக்குது. இடி மின்னலுக்கு பயந்து ராத்திரி சார்ஜர கழட்டி வெச்சுடுவேன், அதனாலயா?

லினக்ஸ் தம்பி:
அதே தான். பேட்டரில ஓடினா பாய்ங்க் தானா நின்னுடும், பேட்டரில ஓடினா நிறுத்துன்னு செட்டிங்ஸ்ல இருக்கற டிக்க எடுக்காதீங்க, பேட்டரி கெட்டுடும். மழை இல்லாத நாள் பகல்ல சார்ஜர் போட்டு விடுங்க, கம்ப்யூட்டிங் ப்ரிஃபரன்சஸ்ல சிபியூ 50% வைங்க, சூடு குறையும்.

பழைய பென்டியம்:
50% வெச்சாச்சு, ஓடுது தம்பி, கை வெச்சா சூடு பரவால்ல. அந்த 100 இடத்துல ஏதாவது தெரிய வந்தா யாராவது இங்க வந்து சொல்லுங்க.